இரண்டாவது நடை

யசோதினிக்குக் கண் சொக்கியது. மடியில் இரண்டு மாதக் கைக்குழந்தை கௌசிகா. எதிரே கணவன் நிஷாந்த், போனைத் தடவித் தடவி கம்ப்யூட்டர் சாமான் விலை பார்த்துக்கொண்டிருந்தான்.

பதுளையில் ஸவாஹிரா நடத்தும் ஸ்டூடியோவுக்குக் கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் கொடுப்பது யசோதினியின் வேலை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், தங்கள் லயக் காம்பராவில் இருந்தபடியே செய்யலாம். கைப்பிள்ளையோடு கொழுந்து பறிக்க மலை ஏறாமல் இருப்பது அந்த வேலையால்தான். ஆனால் பழைய லெப்டொப் பாதியில் பாதியில் நின்றுவிடுகிறது. ஸவாஹிரா நேற்றே சொல்லிவிட்டாள்: "தங்கச்சி, வேற மெஷின் எடுங்க. இல்லாட்டி நான் வேற ஆளப் பாக்கணும். கோவிக்க வேணாம்."

"கேமிங் லெப்டொப் எடுத்தா அதுமேல ரொட்டி சுடலாம், அவ்வளவு சூடு," என்றான் நிஷாந்த். "அதே காசுக்கு நம்மளே பார்ட்ஸ் வாங்கி டெஸ்க்டொப் பூட்டுனா வேகமும் கூட. பழுதானா அந்தத் துண்ட மட்டும் மாத்திக்கலாம்."

"லயத்துல நாலு பேரு தண்ணி கொதிக்கக் கேத்தல் போட்டாலே லைட்டு மினுங்குது. கரண்ட் போனா?"

"அதுக்கு யூபிஎஸ் இருக்கு."

"வைக்க எடம்?"

"என் கட்டில வெளிய போட்டுருங்க," என்றார் மாமனார் மாடசாமி. "என் பேத்தி தொட்டில்ல எனக்கு எடம் குடுப்பா. என்னம்மா, குடுப்பியா?"

குழந்தை கொட்டாவி விட்டது. பார்த்த யசோதினிக்கும் வந்தது.

"எதையாவது வாங்குங்க. எனக்குத் தூங்கணும்."

அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, மறுநாள் பதுளைக்குப் போய் டெஸ்க்டொப் சாமான் வாங்குவதென்று நிஷாந்த் முடிவு செய்தான்.

மறுநாள் மழை விடாததால் பதுளைப் பயணம் நின்றது. மத்தியானம் கிராம சேவகர் குடையோடு வந்து, மேலே மலையில் மண் வெடித்திருக்கிறது, சரிந்து வரலாம், எல்லாரும் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்றார். யசோதினி பிள்ளையைத் தூக்கினாள். மாமனார் துணி மூட்டையை எடுத்தார். நிஷாந்த் அரிசியும் பாத்திரமும்.

பள்ளிக்கூடத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்த பிறகுதான் யசோதினிக்கு நினைவு வந்தது.

"லெப்டொப்பு கட்டில்லயே கெடக்கு."

பாதி முடித்த கல்யாண வீடியோ அதற்குள் இருந்தது. வேறு பிரதி எங்கேயும் இல்லை. சொன்ன வாயை மூடுவதற்குள் நிஷாந்த் வாசலைத் தாண்டிவிட்டான்.

"வேணாங்க, இருங்க."

"ஒரு நிமிசம் யசோ."

அந்த ஒரு நிமிசம் முடியவே இல்லை. பிள்ளை பால் குடிக்காமல் வீறிட்டது. சும்மா இருக்கும்போதும் யாரையாவது கேலி பேசும் மாடசாமி, ஒரே துண்டை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். மலைப்பக்கம் கல் உருளுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. யசோதினி பிள்ளையோடு வாசலுக்கு ஓடினாள்.

வெகுநேரம் கழித்து நிஷாந்த் வந்தான். உடம்பில் சட்டை இல்லை. சட்டையில் சுற்றி, அதன்மேல் உரப்பையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்து லெப்டொப்பைக் கொண்டுவந்திருந்தான்.

"நனையல," என்று சிரித்தான். "நல்லவேள சின்னது. டெஸ்க்டொப்பா இருந்தா ரெண்டு நட நடந்திருப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. யசோதினி அதை வாங்கக் கை நீட்டவில்லை. அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நடந்திருப்பான்.

"லெப்டொப்பே வாங்குங்க," என்றாள்.

"அது மெதுவா வேல செய்யும். நீ முழிச்சிக்கிட்டுக் காத்துக் கெடக்கணும்."

"இப்ப மட்டும் தூங்கிக்கிட்டா இருக்கேன்?"

மலை இந்தத் தடவை இறங்கவில்லை. சில நாளில் திரும்பி வந்தார்கள். புது லெப்டொப்பும் வந்தது. சார்ஜர் அரைச் செங்கல் கனம். வேலை செய்தால் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் ஃபேன்போல இரைந்தது. நிஷாந்த் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்ப்பான். அவள் மெஷின் வீடியோவைச் செய்து முடிக்கும் வரை பிள்ளையைத் தோளில் போட்டு நடந்துகொண்டே இருப்பாள்.

வானம் கறுத்தால் பாதி வேலையில் லெப்டொப்பை மூடி, பையில் வைத்து, பிள்ளையின் கிளினிக் அட்டையையும் அதிலேயே செருகி, கதவோரத்து ஆணியில் மாட்டிவிடுவாள்.

"என்ன மருமகளே, இன்னைக்கும் பயணமா?" என்பார் மாடசாமி.

"போனா ஒரே நடையா போயிறணும் மாமா."

பிள்ளையோடு கதவோரம் உட்கார்ந்து, மழை விடுமா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். கண் தானாக மூடும். ஓட்டில் மழை பலமாக விழுந்தால் திறக்கும்.