ஏலம் போகாத அரிசி

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடுமுன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி எடுத்து ஆலயத்துக்கென்று ஒரு டின்னில் போட்டுவைப்போம். மாதக் கடைசி ஞாயிறு எல்லா டின்னும் வந்து ஒரே சாக்கில் கொட்டப்படும். முன்பெல்லாம் ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விட்டு, காசைக் கட்டட நிதியில் சேர்ப்பார்கள். பிறகு ஏலம் கேட்க ஆள் இல்லாமல் போனது. ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் சியாம் பச்சரிசி, சர்க்கரை வியாதி உள்ள வீட்டில் பாஸ்மதி. எல்லாம் கலந்ததை யார் வாங்கிப் பொங்குவார்கள்? அப்போதுதான் கமிட்டிக்கு ஏழைகள்மேல் திடீர்ப் பாசம் வந்தது. ஏலம் போகாத அரிசி ஏழைக்குப் போகட்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

என்னைக் கமிட்டியில் சேர்த்தபோது, அந்த அரிசியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் சேர்ந்து வந்தது. தேயிலைத் தோட்டத்துக் கீழ் லைன் வீடுகளில் ஒரு குடும்பம். கணவன் காய்கறி லோரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்திருந்தான். மனைவி கொழுந்து வெட்டப் போகிறவள், மூன்று பிள்ளைகள். மாரியம்மன் கோயில் குடும்பம், எங்கள் சபை அல்ல. அதைக் கமிட்டியில் ஒருவர் சொல்லிக்காட்டியபோது நான் முறைத்த முறைப்பில் பேச்சு அத்தோடு நின்றது.

நான் போனபோது அவள் வேலைக் களைப்போடு முறத்தை மடியில் வைத்து, போன மாதம் நாங்கள் கொடுத்த அரிசியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். குண்டு அரிசி ஒரு பக்கம், நீள அரிசி ஒரு பக்கம். பிரிக்காமல் போட்டால் பாதி குழைகிறது, பாதி வேகவில்லை, இந்தக் குளிரில் அடுப்புக் காஸும் தீர்ந்துபோகிறது, படுத்திருக்கிறவருக்கு வயிறு கெட்டுவிடுகிறது. இதையும் நான் துருவிக் கேட்டபிறகுதான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திரிங்காப் ஊர்க் கிடங்கில் காய்கறி தரம் பிரிப்பதுதான் என் வேலை. விலை போகாததை எங்கே கொட்டுவது என்று எனக்குத் தெரியும். அது இவள் வீட்டு வாசல் இல்லை.

அடுத்த கூட்டத்தில் கலப்பரிசியை நிறுத்த வேண்டும் என்றேன். பொருளாளர் ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. சிரித்துக்கொண்டே மறுப்பதில் கெட்டிக்காரர். ஆண்டவர் கொடுக்கிறவனின் மனதைத்தான் பார்க்கிறார், அரிசியின் நீளத்தை அல்ல என்றார். வேண்டுமானால் பிடியரிசியை விட்டுவிட்டு மாதம் ஒரு மூட்டை வாங்கிக் கொடுத்துவிடலாமாம். அதற்கும் நான் சம்மதிக்கவில்லை. நம் உலைக்கு முன்னால் இன்னொரு வீட்டு உலையை நினைக்கத்தானே இந்தப் பிடி? மூட்டை வாங்கினால் மாதம் ஒருமுறை நினைத்தால் போதும். நாம் சொந்தக்காரர் அல்ல, ஆண்டவர் பொருளைப் பார்த்துக்கொள்ளும் உக்கிராணக்காரர் என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்! எடுத்துவைத்த நொடியிலிருந்து அந்த அரிசி நம்முடையதல்ல. அதைக் கண்டபடி கொட்டிக் கலக்க நமக்கு என்ன உரிமை? இவ்வளவும் பேசினேன். ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

நானும் விடுவதாக இல்லை. அந்த மாத ஐக்கிய விருந்துக்குச் சமைப்பது என் முறை. சாக்கை அவிழ்த்து அந்தக் கலப்பரிசியையே பொங்கினேன். பழி கறிமேல் விழக் கூடாது என்று கோழிக்கறியை மட்டும் மிக நன்றாகச் செய்தேன். முதல் பந்தியிலேயே முணுமுணுப்பு. போதகர் ஒரு வாய் மென்றார், இன்னொரு வாய் மென்றார், தண்ணீர் குடித்தார். பொருளாளர் என்னைக் கூப்பிட்டு, இதை மனுஷன் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டார்.

“இதத்தான் அண்ணே நாம மாசா மாசம் கீழ் லைனுக்குக் குடுக்கிறோம்” என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

போதகர் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் சாப்பிட்டார்கள், பொருளாளரும்தான். அடுத்த மாதம் ஆலய வாசலில் சாக்குக்குப் பதில் மூன்று வாளிகள் இருந்தன, ஒவ்வொரு வகை அரிசிக்கும் ஒன்றாக. வாங்கி வைத்தவர் பொருளாளர். அவரே வாளிகளைத் தன் காரில் ஏற்றி என்னோடு கீழ் லைனுக்கு வந்தார்.

எது வேண்டும் என்று அவளைக் கேட்டேன்.

“எது மிச்சமோ அதயே குடுங்க லா, அக்கா.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மிச்சம் கொடுக்க வரவில்லை, உங்கள் வீட்டில் எது பிடிக்கும் என்று சொல் என்றேன். அவள் உள்ளே படுத்திருந்த கணவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு புழுங்கல் வாளியில் கைவிட்டு, நாலு அரிசியை விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

“புழுங்கல்தான் அக்கா. ஆனா இது புதுசு, குழஞ்சிடும். பழைய புழுங்கலாப் பாத்துக் குடுங்க.”

வாங்குகிறவள் இப்படியா கேட்பது என்று பொருளாளர் முகம் சுருங்கியது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் சபையில் பழைய புழுங்கல் பொங்குகிற வீடு ஒன்றுதான். அது பொருளாளர் வீடு.

“கேட்டுச்சா அண்ணே?” என்றேன். “இனிமே உங்க வீட்டுல ரெண்டு பிடி.”