ஒரு தரம் அடிக்கும் போன்

ஆங்கிலத்தில் ‘மிஸ்’ என்ற வினைச்சொல்லை நான் இப்போது படிப்பிப்பதில்லை. அந்தப் பக்கம் வந்தால் புரட்டிவிடுவேன்.

அன்று காலை வீட்டு விறாந்தையில் டியூஷன் பிள்ளைகளுக்கு அதைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். பஸ்ஸைத் தவறவிட்டாலும் மிஸ், எறிந்த கல் மாங்காயில் படாவிட்டாலும் மிஸ், கட்டாருக்குப் போன தகப்பனை நினைத்து ஏங்கினாலும் மிஸ். மேற்கிலிருந்து பலமாக வீசிய கச்சான் காற்று கொப்பிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. வாவியில் வலை இழுக்கப் போன என் கணவரின் நம்பர். தோணியைக் கரைக்குத் திருப்பும்போது ஒரு தரம் அடித்துவிட்டுக் கட் பண்ணுவார். வாறன், உலையை வை என்று அர்த்தம். எங்கள் கரையில் மீன்பிடிக்கிற வீடுகளில் அந்த மிஸ் கோலுக்கு யாரும் ஆன்சர் பண்ணுவதில்லை.

“டீச்சர், இன்னும் அடிக்குது,” என்றாள் முன்னால் இருந்த பிள்ளை.

“அதுக்கு ஆன்சர் பண்ணத் தேவல்ல. நீ கொப்பியப் பாரு!” என்று சீறினேன்.

அது அடித்து அடித்து ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது, அவர் கட் பண்ணவே இல்லை.

திருப்பி அவருக்கு அடித்தேன். ரிங் போனது. பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ரிங் போய்க்கொண்டே இருந்தது.