அறுபது போனும் ஒரு நிகாஹ்வும்

தங்கச்சியின் நிகாஹ்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வாப்பா கத்தாரில் இருந்து போன் எடுத்து, லீவு இல்லையாம் என்றார். கூட வேலை செய்கிற டிரைவர் ஆஸ்பத்திரியில். வாப்பாவும் வந்துவிட்டால் வண்டி ஓட்ட ஆளில்லை. நாளைத் தள்ளிப்போடவும் வழியில்லை. மாப்பிள்ளை மாவடிப்பள்ளிக்காரர், அவரும் வெளிநாட்டில் வேலை, அவருடைய லீவும் முடிகிறது. உம்மா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

என் கலியாணத்துக்கும் வாப்பா இல்லை. அன்றைக்கு ஒரு போனை மௌலவிக்குப் பக்கத்தில் வைத்தோம். மாப்பிள்ளை கபூல் என்று சம்மதம் சொல்லுகிற இடத்தில் சரியாக லைன் அறுந்தது. அதைப் பற்றி வாப்பா ஒரு சொல்லும் சொன்னதில்லை. பிறகு எடுத்து, என்ன நிறத்தில் சாரி உடுத்தாய் என்று மட்டும் கேட்டார்.

"வாப்பா, இந்த முற நீங்க ஒண்டையும் விடாமப் பாப்பீங்க. அது என்ட பொறுப்பு" என்றேன்.

"ஓம் புள்ள. ரூமுல இரிக்கிற ஆக்களுக்கும் சொல்லிட்டன். எல்லாரும் பாக்கப் போறம்" என்றார்.

அப்படி வாக்குக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. நான் கணினி வலையமைப்புப் படிப்பிக்கிறவள். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் கடைசி வருட ஆய்வை மல்டிகாஸ்ட்டில்தான் செய்தேன். அது என்னவென்று கேட்டவர்களுக்கெல்லாம் கலியாணம் சொல்லுவதை வைத்துத்தான் விளக்குவேன். எங்கள் பக்கம் கலியாணத்துக்குப் போனில் சொன்னால் செல்லாது. வீடு வீடாகப் போய், வாயால் சொல்ல வேண்டும். லைவ் போவதும் அப்படித்தான். அறுபது பேர் பார்த்தால் அதே படம் அறுபது தரம் புறப்பட்டு, அறுபது பேரிடமும் தனித்தனியாகப் போகும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு தரம் சொன்னால் போதும், ஆனால் வேண்டியவர் வேண்டாதவர் எல்லோர் காதிலும் விழும். மல்டிகாஸ்ட் இரண்டுக்கும் நடுவில். வேண்டியவர்கள் "எனக்கும்" என்று ஒரு குழுவில் சேர்ந்துகொள்வார்கள். படம் ஒரு தரம்தான் புறப்படும், பாதை பிரிகிற இடத்தில் மட்டும் பிரதி எடுக்கப்படும். வெளி இன்டர்நெட்டில் இதைப் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஒரு வீட்டுக்குள், ஒரு ரவுட்டருக்குக் கீழே, தாராளமாகச் செய்யலாம்.

வீட்டுக்குள் இது எதற்கு என்று கேட்பீர்கள். நிகாஹ் நடப்பது முற்றத்துப் பந்தலில், ஆண்கள் பக்கம். பெண்கள் வீட்டுக்குள். நடுவில் ஒரு சுவரும் ஒரு திரையும்தான். ஆனாலும் இப்போது எந்தக் கலியாண வீட்டிலும் உள்ளே இருக்கிற பெண்கள் முப்பது அடியில் இருக்கிற மாப்பிள்ளையை லைவில்தான் பார்க்கிறார்கள். அந்தப் படம் பந்தலில் புறப்பட்டு, கடல் தாண்டி எந்த நாட்டுக்கோ போய், திரும்ப எங்கள் வீட்டு ஹோலுக்கு வருகிறது! போன வருடம் சாச்சி வீட்டுக் கலியாணத்தில் எல்லாப் பெண்களும் வீட்டு வைஃபையிலேயே லைவைத் திறந்து, வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியாமல் போனது.

ஆகவே என் திட்டம் இது. பந்தலில் ஒரு கேமரா போன். அதன் படம் என் மடிக்கணினிக்கு வரும். அங்கிருந்து வாப்பாவுக்கும் வெளிநாட்டு உறவுகளுக்கும் லைவ் போகும். வீட்டுப் பெண்களுக்கு அதே படம் மல்டிகாஸ்ட்டில், வீட்டைவிட்டு வெளியே போகாமல், போகும். நிகாஹ்வுக்கு முதல் நாள் மூன்று போனில் பார்த்தேன், கண்ணாடி மாதிரி வந்தது. உம்மா மட்டும், "மாப்புளட மூக்கு வடிவாத் தெரியாதே மகள்" என்றார். சரி என்று படத்தின் தரத்தைக் கூட்டிவிட்டேன். வெளியே போகிற லைவை வேறொரு நேரம் தனியாகப் பார்த்தேன், அதுவும் நல்லது. இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று இத்தனை படித்த தலைக்குத் தோன்றவில்லை. என் மாணவர் யாராவது இப்படிச் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

நிகாஹ் அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வந்திருந்த அறுபது பெண்களையும் ஒவ்வொருவராகக் குழுவில் சேர்த்தேன். வாப்பாவின் தங்கச்சி, என் மாமி, போனைத் தரமாட்டேன் என்று பிடித்துக்கொண்டார்.

"இத அமத்தினா என்ட போட்டோவெல்லாம் அழிஞ்சிருமா?"

"அழியாது மாமி."

"அல்லாஹ்வுக்காகச் சொல்லுகா!"

ஒருவழியாக எல்லோர் கையிலும் பந்தல் தெரிந்தது. ஹோலில் ஒரே மாஷா அல்லாஹ். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. என் இன்னொரு போனில், வைஃபையைத் தொடாமல் டேட்டாவில், வாப்பா என்னோடு லைனில் இருந்தார். வாப்பாவின் இடத்தில் வலியாக, பெண்ணின் பொறுப்பாளராக நின்று தங்கச்சியை ஒப்படைக்கப் பெரியவாப்பா மாப்பிள்ளைக்கு எதிரே போய் உட்கார்ந்தார். மௌலவி நிகாஹ்வுக்கு முந்திய குத்பா உரையை ஓதத் தொடங்கினார்.

"புள்ள, படம் நிண்டிட்டு" என்றார் வாப்பா. "சத்தம் மட்டும் வருது. மாப்புள வாயத் தொறந்தபடி நிக்காரு."

மடிக்கணினியைப் பார்த்த உடனேயே விளங்கியது. வைஃபையில் மல்டிகாஸ்ட் அனுப்பினால், ஆகத் தூரத்தில் இருக்கிற போனுக்கும் எட்ட வேண்டும் என்று ரவுட்டர் ஆகக் குறைந்த வேகத்தில் ஆற அமர அனுப்பும். அதிலும் மூக்குக்காகத் தரத்தைக் கூட்டியது யார்? நான். அந்த ஒரு படமே வீட்டுக் காற்றை முழுக்கப் பிடித்துக்கொண்டு, வாப்பாவுக்குப் போக வேண்டியதை வாசலில் நிறுத்திவைத்திருந்தது. என் ஆய்வு என் வாப்பாவையே மறித்துக்கொண்டு நின்றது.

உடனே வீட்டுப் படத்தை வெட்டினேன்.

"படம் போயிட்டுகா!" என்று ஹோலே கத்தியது. அடுத்த நொடி, வெளிநாட்டு உறவுகளுக்காக உம்மா குடும்பக் குழுவில் போட்டிருந்த லைவ் இணைப்பை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவர் திறந்தார், பத்துப் பேர் திறந்தார்கள், அறுபது பேரும் திறந்தார்கள். அதே வைஃபை.

"இப்ப சத்தமும் வெட்டி வெட்டித்தான் வருது" என்றார் வாப்பா. கொஞ்சம் பொறுத்து, "பரவால்ல புள்ள, நீ பதறாத" என்றார்.

அந்தப் பரவாயில்லையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பந்தலில் குத்பா முடிகிற கட்டம். நான் கதிரையில் ஏறி நின்றேன்.

"எல்லாரும் போன மூடுங்க! இப்பவே! ஒரு போன்ல வெளிச்சம் கண்டனெண்டா அத்தனையையும் கிணத்துக்குள்ள போடுவன்! மாப்புள எங்கயும் ஓடமாட்டாரு, இந்தா முத்தத்துலதான் இரிக்காரு! அங்க என்ட வாப்பா ஒண்டும் தெரியாம நிக்காரு, வெளங்குதா?"

வீடு கப்சிப். பந்தலும் கப்சிப். மௌலவி ஓதுவதை நிறுத்தி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பெரியவாப்பா தலையைக் குனிந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பு என்று எனக்குத் தெரியும். அறுபது போனும் மூடப்பட்டன.

மாமியை மட்டும் காணவில்லை என்று பார்த்தால், அவர் ஜன்னலுக்குப் போய்த் திரையை இரண்டு விரலால் விலக்கிக்கொண்டிருந்தார். "நான் பாத்துச் சொல்றன். மத்தவங்க சத்தம் போடாதீங்க."

அவர் மெல்லச் சொன்னதை ஜன்னலோரம் இருந்தவர் ஹோலுக்குச் சொன்னார். அறைவாசலில் நின்றவர் அதை மணப்பெண்ணின் அறைக்குள் சொன்னார், இன்னொருவர் சமையல் நடந்த குசினிக்குச் சொன்னார். பெரியவாப்பா கை நீட்டிட்டாரு. மாப்புள கையப் புடிச்சிட்டாரு. மாப்புள வேர்க்காரு. குசினிக்குப் போய்ச் சேரும்போது அது மாப்பிள்ளை அழுகிறார் என்று ஆகியிருந்தது, ஆனால் ஒரு அறையும் விடுபடவில்லை. நான் ஒரு வருடம் கிடந்து எழுதியதை மாமி ஒரு திரைச்சீலையை வைத்துக்கொண்டு செய்துகாட்டினார்.

"வாப்பா, வருதா?"

"வருது."

"வடிவா வருதா?"

"வடிவா வருது. நீ கதைக்காத."

மாப்பிள்ளை கபூல் சொன்னார். வீட்டுக்குள் பெண்கள் குரவை போட்டார்கள். லைவ் எப்போதும் இருபது நொடி பிந்தித்தான் போகும். அதனால் எங்கள் குரவை ஓய்ந்த பிறகு அதே குரவை கத்தாரில் எழும்பி என் காதுக்குத் திரும்ப வந்தது. அதோடு சேர்த்து அந்த அறையில் இருந்த ஆண்கள் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னார்கள். யார் யாரோ வாப்பாவின் முதுகில் தட்டுவது கேட்டது.

எனக்கு அப்போதுதான் வெட்கம் வந்தது. "மன்னிச்சிக்கங்க வாப்பா. மாப்புள ஊட்டாக்களுக்கு முன்னால அப்பிடிக் கத்திட்டன்."

"ரெண்டு தரம் கேட்டன் புள்ள. ஒருக்கா போன்ல, ஒருக்கா லைவ்ல." சிரித்தார். "நிகாஹ்வும் பாத்தன், மாப்புளயும் பாத்தன், நல்லாப் பாத்தன். எண்டாலும் அது படத்துல பாக்கிறதுதானே. நீ கத்தினாய் பாரு, அந்த நேரம்தான் நான் ஊட்டுக்குள்ள நிண்டன்."

வாப்பா லைனில் இருக்க, போனை எடுத்துக்கொண்டு தங்கச்சியின் அறைக்குப் புறப்பட்டேன். குசினியில் உம்மா, சோற்றுச் சகன் தட்டுகளை இன்னும் ஏன் பந்தலுக்கு அனுப்பவில்லை என்று யாரையோ பிடித்து ஏசிக்கொண்டிருந்தார். நான் அறைக்குப் போகாமல் குசினிக்குத் திரும்பி, போனை ஸ்பீக்கரில் போட்டு, உம்மாவுக்குப் பக்கத்தில் மிளகாய்த்தூள் போத்தலில் சாய்த்து வைத்தேன்.