டில்லியில் கை நனைக்காத அம்மா

நடந்தது இதுதான்:

1. டில்லியில் எனக்கு ஒரு வேலை வந்தது.

2. அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஊரைப் பாத்துப்போட்டுச் சொல்றேன் கண்ணு" என்றார்.

3. பார்க்கக் கிளம்பினோம். ஒரு பை நிறையப் புளிச்சோறு, சப்பாத்தி, முறுக்கு. கூடவே கேன்களில் எங்கள் கோயம்புத்தூர்ச் சிறுவாணித் தண்ணீர்.

4. டில்லியில் இறங்கியதிலிருந்து அம்மா அந்த ஊர்த் தண்ணீரைத் தொடவே இல்லை.

நான்காவதுதான் பிரச்சினை.

எங்கள் பக்கம் பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவார்கள். போனவர்கள் அங்கே கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்பவர்களும் உண்டு. அம்மா கறார். கம்பெனி கொடுத்த கெஸ்ட் ஹவுஸில்தான் தங்கினோம்... அவர் கணக்கில் அது மாப்பிள்ளை வீடு. டீ கொண்டுவந்த சமையல்காரரிடம், "வேண்டாமுங்க, இப்பத்தான் ஆச்சு" என்று தமிழிலேயே சிரித்தார். அந்த மனிதர் பாவம், சர்க்கரை இல்லாத டீயாகப் போட்டு மறுபடி கொண்டுவந்தார்.

"ரயில்ல மட்டும் காபி வாங்கிக் குடிச்சீங்களேம்மா?"

"ரயிலு என்ன மாப்பிள்ளை ஊடா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அம்மா வேண்டாம் என்றால் போவதில்லை என்று நானே முடிவு செய்திருந்தேன். திங்கட்கிழமை நான் பதில் சொல்லியாக வேண்டும்.

கோட்டைகளைப் பார்த்தோம். "நல்லா இருக்குது" என்றார். மெட்ரோவில் ஏறினோம். "நல்லா இருக்குது." பிறகு கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு பழைய படிக்கிணறு. படிகள் கீழே, கீழே, இன்னும் கீழே... அம்மா எட்டிப் பார்த்தார். அடியில் தண்ணீர் என்று சொல்ல ஒன்றுமில்லை.

"அம்மணி, பொண்ணு குடுக்கற ஊட்டுல மொதல்ல கெணத்தத்தான் எட்டிப் பாப்பாங்க. பாத்தியா?"

மெட்ரோ சுரங்கங்களில் ஊறும் தண்ணீரை வெளியேற்றுகிற பம்புகளை டிசைன் செய்யத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று விளக்கினேன்.

"கெணத்துல தண்ணி இல்ல. ரயிலு போற பொந்துல தண்ணி. என்ன ஊரு கண்ணு இது?"

எத்தனை ராஜாக்கள் இதைத் தலைநகரம் என்றார்கள்? வந்தவர்களெல்லாம் பழையதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். நாங்கள் இப்போது அடியில் தோண்டுகிறோம்.

மத்தியானம் பழைய நகரத்துச் சந்துகளில் நடக்கும்போது எங்கள் தண்ணீர் தீர்ந்தது. நல்ல வெயில். அம்மாவின் உதடு காய்ந்திருந்தது.

"பாட்டில் வாங்கட்டுங்களா? இமயமலைத் தண்ணின்னு போட்டிருக்குது."

"விக்கறது டில்லியிலதானே?"

அப்போதுதான் அந்தக் கடை கண்ணில் பட்டது. சுதை உதிர்ந்த ஒரு பழைய வளைவு. அதன் அடியில் வரிசையாகப் பம்பு மோட்டார்கள். ஒன்றின் தகட்டில் எங்கள் ஊர்ப் பெயர்.

"அட, நம்மூரு மோட்டாரு!" அம்மா அதன் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தார் — சொந்தக்காரப் பிள்ளையைக் கண்ட மாதிரி.

கடைக்காரர் எழுந்து வந்தார். எதுவும் வாங்க வரவில்லை, கோயம்புத்தூர்க்காரர்கள், சும்மா பார்க்கிறோம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் ஸ்டூல்களை இழுத்துப் போட்டார். உள்ளே போய் எவர்சில்வர் டம்ளர்களில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நாங்கள் வாங்கிக்கொண்டதும் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அம்மா டம்ளரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் போட யார் வந்தாலும், முதலில் ஒரு சொம்பு தண்ணீர். அப்புறம்தான் பேச்சு. கொடுத்த தண்ணீரைத் தொடாமல் எழுந்து போனவர்களை அம்மா இன்றுவரை மன்னித்ததில்லை. இப்போது எந்தச் சட்டம் ஜெயிக்கும்?

அண்ணாந்து, மூச்சு விடாமல் முழு டம்ளரையும் குடித்தார்.

"உப்பு" என்றார். பிறகு, "ஆனா, கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டாரு."

"அப்ப சம்மதமுங்களா?"

"தண்ணிதானே குடிச்சேன்? சோறா தின்னேன்?"

கறார் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது, கெஸ்ட் ஹவுஸ் சமையலறையில் காலிக் கேன்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். வேலையில் சேர்ந்தால் நான் முதலில் தங்கப்போவது அங்கேதான்.

"எடுத்துக்கலீங்களா?"

"நீ வந்தா எதுல தண்ணி புடிச்சு வெப்பே?"

திங்கட்கிழமை பதில் அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் சேர்கிறேன். கேன்கள் டில்லியில் இருக்கின்றன. சம்மதம் என்று அம்மா இன்னும் சொல்லவில்லை.