கில் சுவிட்ச் ஆன்

மடிக்கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. "வைரஸே வராது அத்தை" என்று மாமியாரிடம் நானாகத்தான் பீற்றிக்கொண்டேன். சொன்னபடி வைரஸ் வரவில்லை. வைஃபையும் வரவில்லை.

கைப்பேசியில் முகம் தெரியாத காலம் அது. துபாயில் இருந்த மச்சினனை அத்தை பார்த்து மூன்று வருடமாகியிருந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நண்பனின் அறையிலிருந்து கேமராவில் வருவதாகச் சொல்லியிருந்தான். அரை மணி நேரம்தான். எங்களுக்கு நெட், மாடி வீட்டுக்காரர் புண்ணியத்தில் காற்றில் வந்துகொண்டிருந்தது. சும்மா இருந்திருக்கலாம். முந்தின நாள்தான் லினக்ஸைப் புதுப் பதிப்புக்கு மாற்றியிருந்தேன்; அதோடு வைஃபை படுத்துவிட்டது.

மூன்றரைக்கே ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கட்டும் புடவையும் பவுடருமாக அத்தை நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

வயர்லெஸ் சிப்பை எழுப்ப ஃபர்ம்வேர் என்றொரு சின்னக் கோப்பு வேண்டுமாம். கோப்பு கிடைப்பது நெட்டில். நெட் வர சிப் எழ வேண்டும். பென் டிரைவோடு நாகல் நகர் பிரவுசிங் சென்டருக்கு மொபெட்டில் பறந்தேன். கொண்டுவந்தது வேறு சிப்புக்கான கோப்பு. மறுபடி போனேன்.

"என்னண்ணே, வீட்லயே நெட்டு இருக்குன்னீக. இங்க வந்து அள்ளிட்டுப் போறீக?" என்றார் கடைக்காரர்.

இந்த முறை கோப்பு சரி. வாசல் அறையில் இருந்த மடிக்கணினியைத் தொப்பையோடு அணைத்து அத்தை முன்னால் கொண்டுவந்து வைத்தேன். சிப்பை ஓட்டும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர்; பஸ் ஸ்டாண்டு நேரக் காப்பாளர் மாதிரி அந்த டிரைவரை இறக்கினேன், ஏற்றினேன். ஃபர்ம்வேர் ஏறிவிட்டது. திரையில் வந்த ஆங்கிலத்தின் கடைசி வரியில் 'ஆன்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் கைதட்டினேன். ஆனால் வைஃபை பட்டியல் காலி. ஏழு தடவை இறக்கி ஏற்றியும் காலி. மணி நாலு ஐம்பத்தைந்து. தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்தேன். சிக்னல் அந்தக் கணக்கில் வருமா என்று யோசிக்க நேரமில்லை.

பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் ஆங்கிலம் எடுத்தவர் அத்தை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"மாப்ள, இது என்ன வரி?"

"சுவிட்ச் ஆன்ல இருக்குங்குது. நல்லதுதான் அத்தை."

"முன்னாடி 'கில்'லுன்னு இருக்கே, அதப் படிக்கலையா? கொல்ற சுவிட்சு ஆன்ல இருந்தா அது பொணமாத்தான கெடக்கும்?"

மடிக்கணினியின் முன்விளிம்பைத் தடவினேன். நகம் அளவில், வைஃபையை அணைக்கும் ஒரு சுவிட்ச். தூக்கிவந்தபோது என் தொப்பைதான் அதைத் தள்ளியிருக்க வேண்டும். திருப்பித் தள்ளினேன். ஆரஞ்சு விளக்கு நீலமானது.

ஐந்து மூன்றுக்கு மச்சினன் சதுரம் சதுரமாக வந்தான்.

"ஏலே, மெலிஞ்சிட்டியே!" என்றார் அத்தை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா லேட்டு? மச்சான் எதையும் நோண்டிட்டாரா?"

"அதெல்லாமில்ல. சின்னக் கோளாறு. மாப்ள அஞ்சே நிமிசத்துல சரி பண்ணிட்டாரு."

சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். முப்பத்தைந்து மார்க் போட்டுப் பாஸாக்கிவிடும் பார்வை.

இப்போது அத்தை தன் கைப்பேசியிலேயே தினமும் மகனைப் பார்க்கிறார். "சீரியல் போட்டான், வைக்கிறேன்" என்று அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அணைத்தும்விடுகிறார். பவுடர் போடுவதில்லை.