இங்கே கண்ணாடி வளையல் மட்டும்

திருவேற்காட்டில் கோயிலுக்குப் போகும் தெருவில் என் ஜெராக்ஸ் கடையை ஒட்டினாற்போல் கோமளாவின் வளையல் கடை. பன்னிரண்டு வருடமாக அக்கம்பக்கம். வளையல் போட்டுவிடுவதில் அவளுக்கு ஈடு யாரும் கிடையாது. கட்டைவிரலை உள்ளே மடக்கிப் பிடித்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏற்றிவிடுவாள். எலும்பு பெருத்த கையாக இருந்தாலும் வளையல் உடையாது.

அந்தக் கைகளில்தான் கரப்பான் நோய் வந்தது. முதலில் மணிக்கட்டில் அரிப்பு. பிறகு விரல் இடுக்கு, அப்புறம் முழங்கை வரை. சொறிந்தால் நீர் வடியும், பொருக்குத் தட்டும், பொருக்கு உதிர்ந்த இடமெல்லாம் கரி தேய்த்தது போல் கறுத்துப் போகும். ஒருநாள் கடைக்கு வந்த ஒரு பெண், நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "குடுங்க, நானே போட்டுக்கறேன்."

கோமளா வளையலை அவளிடமே கொடுத்துவிட்டாள். மறுநாளிலிருந்து சித்திரை வெயிலிலும் முழுக்கை ரவிக்கை.

அரிப்பைவிட அந்தக் கறுப்புதான் அவளை வதைத்தது. எலுமிச்சம்பழம் தேய்த்தாள். எரிந்ததே தவிர கறுப்பு போகவில்லை. மெடிக்கல் கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் பூசினாள். பத்து நாளில் கை பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் திரும்ப வந்தது. மறுபடி பூசினாள். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. ஒருநாள் உடைந்த வளையலை எடுத்து ஓரம் போடும்போது அதன் முனை லேசாக உரச, மணிக்கட்டுத் தோல் வெங்காயச் சருகு போலக் கிழிந்து ரத்தம் கொட்டியது. அவள் புருஷன் கிருபாகரன் பாடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போயிருந்தான். நான்தான் துணியைக் கட்டி, ஸ்கூட்டரில் உட்காரவைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தோல் பிரிவில் ராதிகா என்று ஒரு டாக்டர்.

"இந்த டியூப் யார் குடுத்தது?"

"மெடிக்கல்லதாம்மா. கறுப்பு போயிடும்னாங்கோ."

"தோல் மெலிஞ்சதே இதாலதான். கறுப்பை இப்போதைக்கு விடுங்க. அது நோய் இல்லை, நோய் வந்துட்டுப் போன தடம். நீங்க சொறியற ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு தடம் போடறீங்க. அரிப்பை நிறுத்துவோம், கறுப்பு தானா மங்கும்."

"எவ்ளோ நாள் ஆவும்?"

"மாசக்கணக்கா ஆகும். ஒரு வருஷம்கூட ஆகலாம். கிழிஞ்ச இடத்துல தழும்பு நிக்கும். அதுல நான் பொய் சொல்ல மாட்டேன்."

பொய் சொல்ல மாட்டேன் என்றது கோமளாவுக்குப் பிடித்துப்போனது. திரும்பும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அடுத்த முறை, எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, முதுகில் சின்னச் சின்னதாக மருந்துப் பட்டைகளை ஒட்டி அனுப்பினார்கள். இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது. பிரித்துப் பார்த்தபோது ஒரு பட்டைக்குக் கீழே மட்டும் தோல் சிவந்து தடித்திருந்தது. நிக்கல். பளபளப்பான பேன்சி மெட்டல் வளையலில் இருக்கும் உலோகம். அவள் கடையில் முக்கால்வாசிச் சரக்கு அதுதான், வேகமாகப் போவதும் அதுதான். நாளெல்லாம் கையாள்வதும் அதையேதான்.

கிளவுஸ் போட்டுக்கொண்டு விற்கலாமே என்றேன்.

"கிளவுஸோட கைய புடிச்சா அவங்களுக்கு வலிக்குதா இல்லியான்னு எனக்கு எப்டி அண்ணே தெரியும்?" என்றாள்.

ஒரு வாரம் யோசித்தாள். பிறகு மெட்டல் சரக்கு முழுவதையும் பாரிமுனை மொத்தக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்ணாடி வளையல் மட்டும் எடுத்துவந்தாள். 'இங்கே கண்ணாடி வளையல் மட்டும்' என்று என்னிடம்தான் அச்சடித்து வாங்கி ஒட்டினாள். கூட்டம் பாதியானது. கிருபாகரன் முணுமுணுத்தான். அவள் அசையவில்லை.

அதற்கப்புறம் அவள் இருந்த ஒழுங்கை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். நகத்தை ஒட்ட வெட்டிவிடுவாள். பாத்திரம் தேய்க்க, உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர். வெந்நீர் குளியலை விட்டாள். குளித்து ஈரம் காயுமுன் கைநிறையக் களிம்பு, அப்புறம் கை கழுவும்போதெல்லாம் களிம்பு. மருந்து ஆயின்மென்ட் டாக்டர் சொன்ன நாளுக்கு மட்டும், சொன்ன அளவுக்கு மட்டும். அரிப்பு எடுத்தால் சொறியாமல் அந்த இடத்தை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருப்பாள். பல்லைக் கடித்தபடி, கண்ணில் தண்ணீர் நிற்க, அவள் தட்டுவதை எத்தனையோ மத்தியானம் பார்த்திருக்கிறேன். முழுக்கை ரவிக்கை மட்டும் அப்படியே இருந்தது. இப்போது மறைக்க இல்லை, வெயில் பட்டால் கறுப்பு கூடும் என்பதற்காக.

தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மாதாமாதம் என் கடையில், பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் வெள்ளைத் துணி மேல் இரண்டு கைகளையும் வைப்பாள். நான் எடுப்பேன். மூன்றாவது மாதம் வரை எல்லாம் ஒரே படம் போலத்தான் இருந்தது. "அப்டியே கீது, இல்ல?" என்று எழுந்து போய்விட்டாள். ஆனால் களிம்பை நிறுத்தவில்லை. ஐந்தாவது மாதப் படத்தை முதல் படத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தோம். கரி நிறம் டீ நிறமாகியிருந்தது.  முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் திருமுல்லைவாயில் பிளாட் ஒன்றில் வளைகாப்புக்குக் கூப்பிட்டார்கள். பெண் பெயர் நிவேதிதா, ஐ.டி. வேலை. வளையல் பெட்டிகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நானும் போனேன். கோமளா உட்கார்ந்ததும் நிவேதிதாவின் அத்தை அவள் கையைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, கையில என்ன அது? மாசமா இருக்கற பொண்ணு."

 எனக்கு வாசலில் நிற்கவே கூசியது. கோமளா ரவிக்கைக் கையை மேலே சுருட்டி முழுதாகக் காட்டினாள்.

"கேட்டது நல்லதும்மா. இது எக்ஸிமா, கரப்பான்னு சொல்லுவாங்கோ, ஒட்டாது. என் ஊட்ல யாருக்கும் வரல. புண்ணு ஆறி நாளாச்சு, இது வெறும் கறை. டாக்டர் சீட்டு பையில கீது, பாருங்க. அப்பவும் மனசு ஒப்பலன்னா, வளையல வெச்சிட்டுப் போறேன், நீங்களே போட்டு உடுங்க."

நிவேதிதா கையை நீட்டினாள். "நீங்களே போடுங்கக்கா." அப்புறம் அத்தையிடம், "எனக்கும் இருக்கு அத்தை, முழங்கால் மடிப்புல. ஸ்கூல்லேர்ந்து. அதனாலதான் நான் முட்டி தெரியற ஸ்கர்ட்டே போடறதில்லை. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள்.

அத்தை சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்து கோமளாவின் அருகே வைத்தார். வளையல்கள் ஒவ்வொன்றாக ஏறின. கிளம்பும்போது நிவேதிதா, குழந்தைக்கும் வருமா என்று மெல்லக் கேட்டாள்.

"அத டாக்டர கேளு கண்ணு. நான் வளையல்காரி" என்றாள் கோமளா. ஆனால் ராதிகா டாக்டர் எந்தெந்த நாள் இருப்பார் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் என்னை எழுதித் தரச் சொன்னாள்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. டாக்டர் சொன்னபடியே மணிக்கட்டில் ஒரு தழும்பு நின்றுவிட்டது, மற்றதெல்லாம் தேடினால்தான் தெரியும். போன மார்கழிப் பனியில் விரல் இடுக்கில் மறுபடி அரிப்பு வந்தது. அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பத்தே நாளில் அடங்கியது. தடம்கூட விழவில்லை.