ஒரே எண், இரண்டு ரோஸ்

"கம்ப்யூட்டர் பொட்டில மாத்திரை வரும்ன்றியே, கோளாறுனா எந்தக் கடைக் கதவப் போயி தட்டுவ?"

செவிலிமேட்டில் எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர் இப்படிக் கேட்டபோது, வியாபாரம் போகிற வயிற்றெரிச்சல் என்றுதான் நினைத்தேன்.

அம்மாவுக்கு வலிப்பு உண்டு. தினம் இரண்டு வேளை ஒரு ரோஸ் நிற மாத்திரை. அதைப் போட ஆரம்பித்த பிறகு மூன்று வருடமாக ஒரு தடவைகூட வரவில்லை. கம்பெனியை மாற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடைக்காரரோ, அந்தக் கம்பெனிச் சரக்கு வருவதில்லை, அதே மருந்து வேறு கம்பெனியில் இருக்கிறது என்று ஓர் அட்டையை நீட்டினார். அதில் அவருக்குக் கமிஷன் அதிகம் என்று எனக்குச் சந்தேகம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிகிரி முடித்து, ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்து, சொந்தமாக டெபிட் கார்டும் வைத்திருந்தேன். என்னை ஏமாற்றப் பார்க்கிறாரா என்று கோபம் வேறு.

பிரவுசிங் சென்டரில் தேடியதும் மருந்து விற்கிற ஒரு வெப்சைட்டில் அந்தப் பெயர் வந்துவிட்டது. டாக்டர் சீட்டைக் கேட்கவே இல்லை. பக்கத்தின் அடியில் முகவரியும் இல்லை, போன் நம்பரும் இல்லை. சீட்டு கேட்காததை வசதி என்று எடுத்துக்கொண்டு கார்டில் பணம் கட்டினேன். தேங்காய் வாங்கினால்கூடத் தட்டிப் பார்க்கிறவள் நான். அன்று இருந்த சந்தேகம் அத்தனையையும் கடைக்காரர் மேலேயே செலவழித்துவிட்டேன்.

பழைய மாத்திரை தீர்ந்த அன்று சாயங்காலம் கூரியர் வந்தது. டியூப்லைட் அடியில் நின்று அட்டையின் பின்பக்கத்தை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கம்பெனி பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி, எல்லாம் இருந்தது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா தறியில் இறங்குவதற்கு முன் வாசலில் பட்டுக் கட்டுகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்கே ஓடும் ஊடைக்குப் போடும் பட்டெல்லாம் ஒரே தொட்டியில் சாயம் ஏறியதா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் அவர் நெய்யமாட்டார். துளி மாறினாலும் புடவையில் பட்டை விழும். அம்மாவின் மாத்திரையை எடுத்துக் கொடுக்கச் சொல்லி, கூரியரில் வந்த அட்டைகளில் இரண்டை அவரிடம் நீட்டினேன். வாங்கியவர் அப்படியே வெயிலுக்குத் திருப்பினார்.

"இது ரெண்டும் ஒரே தொட்டி இல்லமா."

"ரெண்டுலயும் ஒரே பேட்ச் நம்பர்பா. ஒண்ணா செஞ்சது."

"நம்பர் எனக்குத் தெரியாது. ஒண்ணா செஞ்சிருந்தா கலரு எப்படிமா மாறும்?"

மாத்திரைக்கும் பட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "படிச்ச பொண்ணு சொல்ற, சரி. உங்கம்மாவ ஒரு வார்த்த கேளு" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். முந்தைய நாளிலிருந்து இடது கைவிரல்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றனவாம். முன்பெல்லாம் வலிப்புக்கு முன்னால் வருமே, அதே இழுப்பு. காலையில் பால் பாத்திரம் கொட்டியதற்குப் பூனை மேல் பழி போட்டிருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ அவ்ளோ பெருமையா படிச்சிக் காட்டினியே. அப்புறம் இன்னான்னு சொல்றது?"

அட்டைகளை வாங்கிக்கொண்டு நானும் வாசலுக்குப் போனேன். ஒன்று வெளிர் ரோஸ். மற்றதில் லேசாக மஞ்சள் ஏறியிருந்தது. எண் மட்டும் ஒன்றேதான். திரும்பத் திரும்பப் படித்தேன். அச்சில் இருந்தால் நம்பிவிடுவது எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்த பழக்கம்.

ஆட்டோ பிடித்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் திட்டவில்லை. சீட்டு கேட்காமல் எவன் இந்த மாத்திரையை விற்பான் என்று மட்டும் கேட்டார். சரக்கு கிடைக்காவிட்டால் முதலில் தன்னிடம் வந்திருக்க வேண்டும், வேறு கம்பெனிக்கு மாறுவதென்றால் கூடவே இருந்து கவனித்துத்தான் மாற்ற வேண்டும் என்றார். அங்கேயே ஊசி போட்டு, மத்தியானம் வரை படுக்க வைத்து, விரல் இழுப்பு நின்ற பிறகு புதுச் சீட்டு எழுதினார். அதில் இருந்தது கடைக்காரர் அன்று நீட்டிய அதே மாத்திரை.

கடைக்குப் போய்ச் சீட்டைக் கொடுத்தேன்.

"பொட்டி இன்னாமா குடுத்துச்சி?"

இரண்டு அட்டைகளையும் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தேன். எடுத்துப் பார்த்தவர் கிண்டலை விட்டுவிட்டார். தூக்கி எறியாதே, மருந்து ஆய்வாளர் ஆபீசில் கொடு என்றார். அவர் தந்த மாத்திரைக்குப் பில் கேட்டு வாங்கி, அதிலிருந்த பேட்ச் எண்ணை அட்டையோடு ஒப்பிட்டேன். பிறகு படியிறங்கி வெளிச்சத்தில் எல்லா அட்டைகளையும் பார்த்தேன்.

"இப்போ என் மேலயும் நம்பிக்க இல்லியா?"

"இல்லண்ணா" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டேன். கூரியர் உறை, அந்தப் பக்கத்தின் பிரிண்ட், இரண்டு நிறத்திலும் ஒவ்வோர் அட்டை, அப்பா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிய மனு, அடியில் அவருடைய கைநாட்டு. மருந்து ஆய்வாளர் ஆபீசில் மனுவை வாங்கியவர் அட்டைகளை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, ஒரே கலர்தானே என்றார். ஜன்னல் பக்கம் வரச் சொன்னேன். வந்து பார்த்தவர், ஒன்றில் மஞ்சள் அடிக்கிறதே என்றார். பிறகு நாற்காலிக்குத் திரும்பி, மனுவின் நகலில் முத்திரை குத்தி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.